வாஷர் மாற்றினீர்களா, மாப்பிள்ளை?

(டெக்சாஸ். கார் நிற்க வேண்டிய கராஜில் கார் இல்லை. மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்து முழங்காலுயர எவர்சில்வர் டப்பா ஒன்றைத் தேய்க்கிறார். மாமனார் கோவில்பட்டிப் பக்கம் 30 வருடம் சோடா கம்பெனி நடத்தியவர்.)

மாமனார்: பால் கேனா?

மாப்பிள்ளை: இல்லை மாமா. ஹோட்டலில் கலர் அடைத்து வைத்திருந்த டப்பா. 19 லிட்டர் பிடிக்கும். இப்போதெல்லாம் சிரப் அட்டைப்பெட்டிக்குள் பிளாஸ்டிக் பையில் வந்துவிடுகிறது. அதனால் இதைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

மாமனார்: தூக்கிப் போட்டதை எவ்வளவுக்கு வாங்கினீர்கள்?

மாப்பிள்ளை: 60 டாலர்தான்.

மாமனார்: வாஷர் மாற்றினீர்களா?

மாப்பிள்ளை: ரப்பர் நன்றாகத்தான் இருக்கிறது. ஐந்து வளையம், எதற்கு வீண் செலவு?

மாமனார்: சரி. என்ன போடப் போகிறீர்கள்?

மாப்பிள்ளை: (தயங்கி) சோடா... நம் ஊர் சோடாதான்.

மாமனார்: அடடே! முன்னாலேயே சொல்லக் கூடாதா? இந்தக் கையைப் பாருங்கள். கோலி சோடா பாட்டிலை மெஷினில் தலைகீழாகச் சுற்றும்போது ஒன்று வெடித்தது. ஏழு தையல். சிலிண்டர் எங்கே?

மாப்பிள்ளை: அந்த மூலையில். 90 டாலர். ரெகுலேட்டர் 70. அந்தப் பழைய ஃப்ரிட்ஜ் 180.

மாமனார்: ஆக 400.

மாப்பிள்ளை: கணக்கெல்லாம் எதற்கு மாமா...

மாமனார்: கையில் என்ன வைத்து முறுக்குகிறீர்கள்? உட்காரமாட்டேன் என்கிறதே.

மாப்பிள்ளை: டியூபை டப்பாவில் மாட்டுகிற கனெக்டர். 25 டாலர். ஏனோ பொருந்தவில்லை.

மாமனார்: டப்பாவின் வாயைப் பாருங்கள். ஒரு பக்கம் இரண்டு முளை, இன்னொரு பக்கம் மூன்று. நீங்கள் வாங்கினதில் முளைக்கு இடமே இல்லையே.

மாப்பிள்ளை: ஐயோ! இது கோக் டப்பா. நான் பெப்சி டப்பாவின் கனெக்டரை வாங்கிவிட்டேன்.

மாமனார்: சம்பந்தம் பேசும்போதே பார்க்க வேண்டாமா? சரி, 425.

(கடைக்குப் போய் மாற்றி வந்ததில் ஒரு மணி நேரம் போனது. பெட்ரோலை மாமனார் கணக்கில் சேர்க்கவில்லை. பெருந்தன்மை.)

மாமனார்: (மூடியை முகர்ந்து) உள்ளே முன்பு என்ன இருந்தது?

மாப்பிள்ளை: ரூட் பீர்.

மாமனார்: பீரா! மாப்பிள்ளை, அத்தை இந்த வீட்டில்தான் விளக்கேற்றுகிறாள்.

மாப்பிள்ளை: பேர்தான் பீர் மாமா. சாராயம் துளி கிடையாது. குழந்தைகள் குடிக்கிற கலர். நன்னாரி வாசனை அடிக்கும்.

மாமனார்: ஓ. பீர் என்று பேர் வைத்தது பீர் இல்லை.

மாப்பிள்ளை: ஆமாம்.

மாமனார்: அப்போது சோடா என்று நீங்கள் பேர் வைத்தது?

மாப்பிள்ளை: ...சோடா.

மாமனார்: ரெகுலேட்டரில் முள் எங்கே நிற்கிறது?

மாப்பிள்ளை: 12 பவுண்டு.

மாமனார்: 12 பவுண்டில் எந்த ஊரில் சோடா போடுகிறார்கள்? வாய் கொப்பளித்த தண்ணீர் மாதிரி இருக்கும். இதைப் போல இரண்டு பங்காவது வேண்டாமா?

மாப்பிள்ளை: மெதுவாக ஏற்றலாம் என்று...

மாமனார்: இரண்டு வாரத்துக்கு முன்னால் பார்லி அவித்தீர்கள். என் சிறுநீர்க் கடுப்புக்கு என்று நினைத்து நானும் சந்தோஷப்பட்டேன். ஒரு டம்ளர் வந்ததா? இல்லை. அன்றிலிருந்து துணி அலமாரிக்குள் ஒரு வாளி ராத்திரியெல்லாம் பொளக் பொளக்கென்று மூச்சு விடுகிறது. உங்கள் அத்தை ஆஞ்சநேயருக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாள்.

மாப்பிள்ளை: மாமா, இது சட்டப்படி சரி! 1978ல் அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரே கையெழுத்துப் போட்டிருக்கிறார். இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டில் வருஷத்துக்கு 200 கேலன் பீர் காய்ச்சலாம். வரி கிடையாது. விற்கத்தான் கூடாது.

மாமனார்: 200 கேலன் என்றால் எவ்வளவு?

மாப்பிள்ளை: 757 லிட்டர்.

மாமனார்: ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர்! நானும் அத்தையும் வந்திருக்கிறோமே, கூட்டித் தருவார்களா?

மாப்பிள்ளை: எத்தனை பேர் இருந்தாலும் 200தான்.

மாமனார்: ரேஷன் கார்டே பரவாயில்லை. நம் ஊரில் அரசாங்கம் விற்கலாம், நாம் காய்ச்சக் கூடாது. இங்கே நாம் காய்ச்சலாம், விற்கக் கூடாது. எங்கே போனாலும் கல்லாப்பெட்டி மட்டும் நம்மிடம் வராது போலிருக்கிறது.

மாப்பிள்ளை: கோபமா மாமா?

மாமனார்: குடிப்பதற்கு இல்லை. சிக்கனம் என்று சொன்னீர்களே, அதற்குத்தான். இந்த டப்பாவில் எத்தனை பாட்டில் வரும்?

மாப்பிள்ளை: சின்ன பாட்டில் என்றால் 53.

மாமனார்: பாட்டிலுக்கு எட்டு டாலர். பார்லி தனி.

மாப்பிள்ளை: முதல் தடவை அப்படித்தான். போகப் போக இறங்கும்.

மாமனார்: சோடா மெஷின் வாங்கியபோது நானும் என் அப்பாவிடம் இதையேதான் சொன்னேன். வாஷர் மாற்றினீர்களா?

மாப்பிள்ளை: மாமா!

(நாலு நாள் கழித்து, அதே கராஜ். ஃப்ரிட்ஜ் திறக்கிறது. குழாயைத் திருப்புகிறார். டம்ளர் முழுக்க நுரை.)

மாமனார்: ஷேவிங் பண்ணிக்கொள்ளவா?

மாப்பிள்ளை: டியூப் பத்தடி வேண்டும் என்றார்கள். நான் ஓரடி போட்டேன்.

மாமனார்: மிச்சம் பிடித்தீர்கள். (நுரை அடங்கக் காத்திருந்து ஒரு வாய் குடிக்கிறார். கண்ணை மூடுகிறார்.) கசப்பு இருக்கிறது. காரம் இருக்கிறது. கடைசியில்... நன்னாரி.

மாப்பிள்ளை: (குடித்துப் பார்த்து) அய்யய்யோ. முழுக்க ரூட் பீர் வாசனை. சோப்புப் போட்டு மூன்று தடவை தேய்த்தேனே!

மாமனார்: எவர்சில்வரைத் தேய்த்தீர்கள். ரப்பர் எதையும் மறக்காது மாப்பிள்ளை, உங்கள் அத்தை மாதிரி.

மாப்பிள்ளை: இப்போதே போய் ஐந்து வளையமும் வாங்கி வருகிறேன்.

(வீட்டுக்குள்ளிருந்து அத்தையின் குரல்: "அங்கே ரெண்டு பேரும் என்ன குடிக்கிறீங்க?")

மாமனார்: (உரக்க) நன்னாரி சர்பத்! வேண்டுமானால் வந்து மோந்து பார்! (தாழ்ந்த குரலில்) மாப்பிள்ளை, நாங்கள் ஊருக்குப் போகிறவரை வாஷரை மாற்றவே மாற்றாதீர்கள்.