அடிமாட்டு விலையும் சுற்றுச்சூழல் கணக்குதான்

மாடு ஏப்பம் விட்டால் வரி போடப் போகிறார்களாம் என்று ஒரு மீம் மறுபடியும் சுற்றிக்கொண்டிருக்கிறது. சிரிக்க நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் விஷயம் பொய்யில்லை. நியூசிலாந்தில் 2022-ல் அப்படி ஒரு திட்டம் வந்தது, விவசாயிகள் டிராக்டரோடு ரோட்டுக்கு வந்தார்கள், 2024-ல் அடுத்து வந்த அரசு அதைக் கைவிட்டது. டென்மார்க்கில் அதே 2024-ல் பேசி முடித்துவிட்டார்கள், 2030-லிருந்து வரி உண்டு.

எனக்கு எரிச்சல் வருவது இதை வைத்து நம்ம ஊரில் இரண்டு பக்கமும் பேசுகிற பேச்சில். ஒரு கூட்டம், மாட்டுக்கறி தின்கிறவன்தான் பூமியைச் சூடாக்குகிறான் என்கிறது. இன்னொரு கூட்டம், நாட்டு மாடு ஏப்பம் விட்டால் மீத்தேனே வராது என்கிறது. அசை போடுகிற எந்த மாட்டுக்கும் வரும். வயிற்றுக்குள் இருக்கிற நுண்ணுயிர்கள் வைக்கோலையும் சோளத்தட்டையையும் நொதிக்க வைக்கும்போது உண்டாகிற வாயு அது, நம்ம நாட்டு இனமான புலிகுளமா, சீமை இனமான ஜெர்சியா என்றெல்லாம் பார்க்காது. நூறு வருடக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிட 27 மடங்கு அளவுக்குச் சூடேற்றும், ஆனால் காற்றில் 12 வருடம் போல இருந்துவிட்டுச் சிதைந்துவிடும். இவ்வளவுதான் அறிவியல். மீதியெல்லாம் அவரவர் அரசியல்.

சரி, பிரேசிலில் மேய்ச்சலுக்காக அமேசான் காட்டை அழிக்கிறார்கள், அமெரிக்காவில் கடைசி சில மாதம் பட்டியில் அடைத்து மக்காச்சோளம் போட்டுக் கொழுக்க வைக்கிறார்கள். அங்கே கறிப்பண்ணை என்பது தனித் தொழில், அதனால் லாபமா சுற்றுச்சூழலா என்று கேட்க ஒரு முதலாளி இருக்கிறார். இங்கே மதுரையைச் சுற்றி வாடிப்பட்டி, மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் கறிக்கென்றே மாடு வளர்க்கிற பண்ணை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. இங்கே மாட்டுக்கறி என்பது பால் கணக்கின், உழவுக் கணக்கின், எருக் கணக்கின் கடைசி வரி. மாட்டை வாங்கும்போதே, கடைசியில் கழித்துவிட்டால் இவ்வளவாவது தேறும் என்பதையும் மனதில் வைத்துத்தான் வாங்குகிறோம். வெளியே சொல்ல மாட்டோம், அவ்வளவுதான்.

நாங்களும் கறவை வைத்திருக்கிறோம், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன். பால் வற்றி, ஊசி மேல் ஊசி போட்டும் சினை நிற்காத மாடு ஒன்று கொட்டத்தில் நிற்கிறது என்று வையுங்கள். எவ்வளவு சிக்கனமாகப் பார்த்தாலும் வைக்கோல், பசுந்தீவனம், கொஞ்சம் தவிடு புண்ணாக்கு என்று ஒரு நாளைக்கு 100 ரூபாய்க்குக் குறையாது. ஆறு மாதம் வைத்திருந்தால் 18,000. அந்த மாட்டை வெட்டுக்கு விற்றால் கிடைக்கிற அடிமாட்டு விலையில் பெரும்பகுதி அதுவே தின்று தீர்த்துவிடும். அந்த ஆறு மாதமும் மீத்தேன் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருக்கும், பால் கிடையாது, கன்று கிடையாது. நஷ்டமும் புகையும் ஒரே வாயிலிருந்து வருகிற இடம் இதுதான். நம்ம பக்கத்தில் லாபமும் சுற்றுச்சூழலும் எதிரெதிர்த் திசையில் இழுக்கவில்லை, மாடு சும்மா நின்று தின்கிற நாட்கள்தான் இரண்டையும் சேர்த்துக் கெடுக்கிறது என்பது என் கருத்து.

அந்த நாட்களை ஏன் குறைக்க முடியவில்லை? பாதிக் காரணம் நம் கையில் இருக்கிறது. தாது உப்புக் கலவை தினம் போட்டாலே பல மாடுகள் நேரத்துக்குப் பருவத்துக்கு வரும், ஆனால் ஒரு பாக்கெட் வாங்க யோசிப்பவர்கள் கயிறு மந்திரிக்கப் பணம் எடுத்து நீட்டுவார்கள். வரப்போரம் கோ-5 நேப்பியர் தீவனப்புல், வேலியோரம் அகத்தி என்று வைத்துக்கொண்டால் வெறும் வைக்கோலில் காலம் தள்ள வேண்டாம். தீவனம் செரிமானம் ஆகிற தரத்தில் இருந்தால் லிட்டர் பாலுக்கான மீத்தேனும் குறையும். கலப்பினக் காளைக்கன்று பிறந்தால் உழவுக்கு ஆகாது, அதற்குப் பால் விட்டு வளர்க்கவும் யாருக்கும் மனசு வராது, பிறந்த நாளிலிருந்தே அது ஒரு பாவப்பட்ட ஜீவன். கிடாரிக் கன்றாகவே, அதாவது பெண் கன்றாகவே பிறப்பதற்கான சினை ஊசி வந்துவிட்டது, பத்துக்கு ஒன்பது கிடாரி என்கிறார்கள், அது ஊர் ஊருக்குச் சாதாரண விலையில் வர வேண்டும்.

மீதிப் பாதி சட்டம். தமிழ்நாட்டில் 1958-ம் வருடச் சட்டப்படி பத்து வயது தாண்டி வேலைக்கும் இனவிருத்திக்கும் ஆகாத மாடு, இல்லை காயம், ஊனம், தீராத நோயால் நிரந்தரமாக முடங்கிய மாடு என்று சான்று வாங்கியதைத்தான் வெட்டலாம். அதற்கு மேல் 1976 அரசாணை பசுவையும் கிடாரியையும் வெட்டக்கூடாது என்கிறது. பலன் என்ன? மாடு சாகாவரம் பெற்றுவிட்டதா? லாரி ஏறிக் கேரளா போகிறது. நெருக்கியடித்து, தண்ணியில்லாமல், வழியில் யார் மறிப்பார்கள் என்ற பயத்தோடு. அந்தப் பயத்துக்கும் டீசலுக்கும் ஆன செலவையெல்லாம் வியாபாரி யார் தலையில் கழிப்பார்? சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசும்போதே விவசாயி தலையில்தான்.

2017 மே மாதம் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது, சந்தையில் மாட்டை வெட்டுக்கு விற்கக் கூடாது என்று. ஒரே வாரத்தில் அதற்கு இடைக்காலத் தடை போட்டது உயர் நீதிமன்றத்தின் நம்ம மதுரைக் கிளை. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுக்க நீட்டித்தது. அதே வருடம் ஜனவரியில் மதுரைத் தமுக்கத்தில் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் நாட்டு மாட்டைக் காப்போம் என்று விடிய விடிய உட்கார்ந்தவர்களில் எத்தனை பேர் மே மாதம் வாய் திறந்தார்கள் என்று அப்போதும் கேட்டேன், இப்போதும் கேட்கிறேன். விற்க முடியாத மாட்டை எவன் வாங்கி வளர்ப்பான்?

புலிகுளம் மாட்டுக் கிடைகளை, அதாவது எருவுக்காக வயலில் ராத்திரி அடைக்கிற மந்தைகளைப் பாருங்கள். சுற்றுச்சூழல் என்று பேசுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். மந்தை மந்தையாக மாடுகள், கொட்டம் கிடையாது, விலைக்கு வாங்கிய தீவனம் கிடையாது. அறுப்பு முடிந்த வயலில் தாளை மேய்ந்து, ராத்திரி அங்கேயே அடைந்து, சாணியும் மூத்திரமும் போட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடும். மந்தையை நடத்துகிற ஒரு கீதாரி என்னிடம் சொன்னார்: “தம்பி, சாணிக்குக் காசு, கன்னுக்குக் காசு, கழிக்கிற மாட்டுக்குக் காசு. மூணுல ஒண்ணு நின்னு போனாலும் மந்தை நிலைக்காது.” கன்றுக்குக் காசு என்றால் ஜல்லிக்கட்டுக்குப் போகிற காளைக்கன்று. அதைக் கொண்டாட ஊரே இருக்கிறது. மற்ற இரண்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

மேய்ச்சலும் சுருங்கிவிட்டது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் வந்தது, 2022-ல் உயர் நீதிமன்றம் முதலில் எல்லாக் காட்டிலும் மேய்ச்சல் கூடாது என்றது, அப்புறம் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று அதைச் சுருக்கியது. புலிக்கு இடம் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கீழே கண்மாய் உள்வாயில் சீமைக்கருவேலம், மேய்ச்சல் புறம்போக்கில் பிளாட் கல். மலையிலும் கிடையாது, தரையிலும் கிடையாது என்றால் மாடு எங்கே போகும்?

சாணிக்குக் காசு என்றாரே கீதாரி, அதற்கு வருகிறேன். 45 கிலோ யூரியா மூட்டை நமக்கு 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறது, மிச்சத்தை அரசு போடுகிறது. யூரியா போட்ட மண்ணிலிருந்து வருகிற நைட்ரஸ் ஆக்சைடு கரியமில வாயுவைவிட 270 மடங்கு சூடேற்றும். அந்த மானியத்தில் ஒரு சின்னப் பங்கை, வயலில் கிடை போடுகிற விவசாயிக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று கொடுத்தால் என்ன குடி முழுகிவிடும்? ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறுவருஷம் என்பார்கள், அந்த மறுவருஷம் வரை காத்திருக்க வழியில்லாமல்தான் பாதிப் பேர் மூட்டையைத் தூக்குகிறார்கள். எங்கள் வயலில் தை அறுப்பு முடிந்ததும் கிடை போடச் சொல்லியிருக்கிறேன். கூலி போன வருடத்தைவிட ஏறியிருக்கிறது, ஏறட்டும், கொடுக்கலாம்.