எழுதாமல் போன நாதஸ்வரம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டக் கோயில்களில் திருவிழாவுக்குக் கீபோர்டு வாசிக்கிறேன். போன வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து நாதஸ்வர ஒலியைச் சரிசெய்தேன். மூச்சுச் சத்தம், கமகத்துக்குச் சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட், கொஞ்சம் எதிரொலி, எல்லாம் கூடி வந்தது. ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்து ஒலிக்குப் போய்த் திரும்பினேன். போச்சு! சேமிப்பதற்கான ரைட் (Write) பொத்தானை அழுத்தும் வரை மாற்றங்கள் தற்காலிக நினைவில்தான் இருக்குமாம். போவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?

சேமிக்கப் போனாலும் தலைவலிதான். ஒலிகளை வைக்கும் தொகுப்புக்குப் பேங்க் என்று பெயர், ஒரு பேங்கில் 128 இடம். மின்னிசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் முறையான மிடியில் (MIDI) ஒலி எண்ணுக்கு 7 பிட்தான், அதனால் அந்தக் கணக்கு. அது 1983-இல் வந்த முறை, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் எந்த இடம் காலி, எது என் சொந்த ஒலி என்று திரை காட்ட வேண்டாமா?

எல்லாவற்றையும் விட எனக்கு ஆத்திரம், பல ஒலிகளைச் சேர்த்து ஒன்றாக வாசிக்க உதவும் காம்பி மேல்தான். அது ஒலியை வைத்திருப்பதில்லை, பேங்க் எண்ணையும் இட எண்ணையும் மட்டும் வைத்திருக்கிறது. ஒழுங்குபடுத்துகிறேன் என்று புல்லாங்குழலை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டேன். வெள்ளிக்கிழமை அம்மன் பாட்டு நடுவில் குழல் வர வேண்டிய இடத்தில் டிரம்பெட் அலறியது. உருமி வாசிக்கும் தம்பி திரும்பி, "என்னண்ணே இது?" என்றான். என்ன சொல்வது? "இந்த ஒலியை மூன்று காம்பிகள் பயன்படுத்துகின்றன" என்று மாற்றும்போதே திரை ஒரு வரி காட்டினால் போதுமே!