சேந்தன் அமுதனுக்கு இழைத்த அநீதி

"மாமா, 'பொன்னியின் செல்வன்' ரெண்டு படமும் பார்த்திட்டன், இனி ஏன் நாவலின்ர அஞ்சு பாகத்தையும் வாசிக்க வேணும்?" என்று அக்காவின் மகன் கேட்டபோதுகூட நான் பொறுத்துக்கொண்டேன். சேந்தன் அமுதனைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்டேன். "அது ஆர்? அந்தச் சின்னப் பாத்திரமோ?" என்றான். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

சின்னப் பாத்திரமாம்! 'பொன்னியின் செல்வ'னின் முதற் பாகத்திலேயே கல்கி அந்தப் பிள்ளையை நம் முன்னே கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார். வாய் பேசாத தாய், பூந்தோட்டம், தேவாரம், பூங்குழலிமேல் ஒரு காதல். அவனிடம் வேறொன்றும் இல்லை. கதாநாயகன் வந்தியத்தேவனின் குதிரைக்குப் பின்னால் ஓடும் அவசரத்தில் நாமும் அவனை மறந்துவிடுகிறோம். கடைசிப் பாகத்தில்தான், கண்டராதித்த சோழரின் மனைவி செம்பியன் மாதேவியின் வயிற்றில் பிறந்த உண்மையான பிள்ளை அவனே என்பதும், அதுவரை மதுராந்தகன் என்று பல்லக்கில் வலம் வந்தவன் குழந்தையிலே மாற்றி வைக்கப்பட்டவன் என்பதும் தெரியவருகின்றன. தமக்குச் சூட்டவிருந்த மணிமகுடத்தை இளவரசர் அருள்மொழிவர்மர் எடுத்து, பூக்கட்டி வாழ்ந்த அந்தச் சேந்தன் அமுதனின் தலையில் வைக்கிறாரே, அந்த இடத்தை வாசித்துவிட்டு அன்றிரவு உறங்க முடியாமல் கிடந்தவர்கள் எத்தனை பேர்! 'தியாகச் சிகரம்' என்று பாகத்துக்குப் பெயர் வைத்தது சும்மாவா? படத்தில் அந்த முடி, பழுவேட்டரையர்களோடு சேர்ந்து சதி செய்த அதே மதுராந்தகனுக்குப் போகிறது. சேந்தன் அமுதன் படத்தில் இருக்கிறான். அவன் எதற்காகப் படைக்கப்பட்டானோ அது மட்டும் இல்லை.

கேட்டால், மதுராந்தகன் என்ற உத்தம சோழர் வரலாற்றில் கண்டராதித்தரின் மகன்தானே, ஆள்மாறாட்டம் கல்கியின் கற்பனைதானே என்கிறார்கள். நந்தினியும் கற்பனைதான், பூங்குழலியும் கற்பனைதான். அவர்களுக்கு இடமிருந்த படத்தில் இதற்கு மட்டும் இடமில்லாமற் போனது எப்படி? நேரம் போதாதென்றும் சொல்ல முடியாது. இரண்டு படங்களும் சேர்ந்து ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் ஓடுகின்றன. அதற்குள் சம்புவரையர் மகள் மணிமேகலை அடியோடு காணாமற் போய்விட்டாள். வந்தியத்தேவனையே நினைத்துச் சித்தம் கலங்கி, அவன் மடியில் உயிர்விடுகிறவள் அவள். அவ்வளவு பெரிய நாவலைக் கல்கி 'மலர் உதிர்ந்தது' என்று அவளோடுதான் முடித்தார். அந்தக் கண்ணீருக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

இலங்கையில் இருந்து வாசித்த நமக்கு இன்னொரு ஆற்றாமையும் உண்டு. நாவலின் இரண்டாம் பாகமான 'சுழற்காற்'றில் கதை நம்முடைய மண்ணுக்கு வருகிறது. கோடிக்கரையிலிருந்து பூங்குழலியின் படகில் வந்திறங்கும் வந்தியத்தேவனோடு தம்புள்ளைக்கும் அநுராதபுரத்துக்கும் போய்வந்தவர்கள் நாம். கல்கி இங்கே நேரில் வந்து பார்த்துவிட்டு எழுதிய இடங்கள் அவை. படக்குழுவோ படப்பிடிப்புக்குத் தாய்லாந்துக்குப் போனது. கொழும்பில் காலையில் பஸ் ஏறினால் பின்னேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய அநுராதபுரம் ஆயிரம் ஆண்டுகளாக அங்கேயே இருக்கிறது. கடலுக்கு அப்பால் இன்னொரு நாட்டைத் தேடிப்போக என்ன தேவை வந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.