டெக்சாஸ் என்றாலே வேகம்தானா?

அமெரிக்காவில் வாராக்கடனாகிவிட்ட இரண்டாம் அடமானக் கடன்களை (ஏற்கெனவே அடமானத்தில் இருக்கும் வீட்டின் மேலேயே வாங்கிய அடுத்த கடன்) அடிமாட்டு விலைக்கு வாங்கலாம், ஏலம் சீக்கிரம் முடியும் மாநிலமாகப் பார்த்தால் போதும், உதாரணம் டெக்சாஸ் என்கிறது மாநில வாரியாக அட்டவணை போட்டு நான் படித்த ஒரு கட்டுரை. பாதிதான் சரி. பாக்கியைக் கட்ட 20 நாள், ஏல அறிவிப்புக்கு 21 நாள், மாதத்தின் முதல் செவ்வாய் ஏலம் என்பதெல்லாம் உண்மை. ஆனால் அந்த இரண்டாம் கடன் ஹோம் ஈக்விட்டி வகையாக (வீட்டில் உரிமையாளருக்குச் சொந்தமான மதிப்பை ஈடாக வைத்து வாங்குவது) இருந்தால், கோர்ட் உத்தரவு இல்லாமல் வீட்டை ஏலம் விட முடியாது. மாநில அரசியலமைப்பிலேயே அப்படி இருக்கிறது.

நியூயார்க் கதை வேறு. எல்லாமே கோர்ட் வழியாக, வருடக்கணக்கில் இழுக்கும். வழக்குப் போட 6 வருடக் கெடு. வழக்கை வாபஸ் வாங்கி அந்தக் கெடுவைப் புதுசாக்கும் தந்திரத்துக்கும் 2022 சட்டம் முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. கெடு தாண்டிவிடக்கூடிய பழைய கடன் ஏன் அவ்வளவு மலிவு என்று இப்போது புரிகிறதா?

கட்டுரை முதல் கடனைக் கொடுத்தவரை மறந்தேவிட்டது. அவர் ஏலம் விட்டால் பணம் அவருக்குத்தான் முதலில். மிஞ்சினால்தான் இரண்டாம் கடனை வாங்கிய நமக்கு, வீட்டின் மேல் நமக்கிருந்த பிடியும் போய்விடும். வீட்டு மதிப்பு முதல் கடனைக்கூட ஈடுகட்டாத நிலையில் உரிமையாளர் திவால் சட்டத்தின் 13ஆம் அத்தியாயத்துக்குப் (தவணைத் திட்டம் போட்டுக் கடனைக் கட்டும் வகை) போனால், நம் அடமானத்தையே கழற்றிவிடலாம். (சொத்தை விற்றுக் கடனைத் தீர்க்கும் 7ஆம் அத்தியாயத்தில் அது நடக்காது என்று 2015இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அந்த மட்டில் நிம்மதி.)

என்னைக் கேட்டால், முதல் கடனை ஒழுங்காகக் கட்டிக்கொண்டு இரண்டாவதை மட்டும் விட்டவர்களின் கடனைத்தான் தேடுவேன். அவர்களுக்கு வீட்டை இழக்க மனசிருக்காது, பேசித் தவணை போட்டுக்கொள்ளலாம். கட்டுரையின் மாநில அட்டவணையில் இதற்கு இடமே இல்லை.