அகலப்படுத்துவது இருக்கட்டும், முதலில் வெள்ளைக்கோடு போடுங்கள்

போன வாரம் நம் தர்மபுரி மாவட்டத்து ஊர்ச்சாலை வளைவில் ஒருவர் விபத்தில் இறந்ததை மறுபடி விரிவாக எழுத எனக்கு மனம் வரவில்லை; இதைப் படிக்கிற பலரும் அந்த வீட்டுக்குப் போய் வந்தவர்கள்தான். அதற்குப் பிறகு அதிகாரிகளிடமிருந்து கிடைத்த பதில்தான் என்னை எழுத வைக்கிறது. சாலையை அகலப்படுத்தக் கருத்துரு அனுப்பியிருக்கிறார்களாம், நிதி வந்ததும் எல்லாம் சரியாகிவிடுமாம். அதுவரை இரவில் அந்த வழியே போகிறவர்கள் என்ன செய்வது?

அந்த வளைவுக்குத் தேவை கோடிகள் அல்ல. சாலையின் இரு ஓரத்திலும் வெள்ளைக்கோடு, வளைவின் வெளிப்பக்கம் மஞ்சளில் கருப்பு அம்புக்குறி போட்ட பலகைகள், ஒளியைத் திருப்பி அடிக்கும் சில ரிஃப்ளெக்டர்கள், எதிரே வருவதை மறைக்கும் சீமைக்கருவேலப் புதரை வெட்ட ஒரு நாள் ஆள்கூலி, சாலையோரக் கிணற்றுக்கு ஒரு தடுப்புச்சுவர், இவ்வளவுதான். முன்பு சாலையோரப் புளியமரங்களுக்கு வெள்ளையும் கருப்புமாகப் பட்டை அடித்திருப்பார்கள். வண்டி வெளிச்சம் பட்டதும் சாலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது தூரத்திலேயே தெரிந்துவிடும். இன்று பல இடங்களில் அந்தப் பட்டை கூட இல்லை.

என் சித்தப்பா பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளியைப் போட்டுவிட்டு இருட்டிய பிறகு டிவிஎஸ் எக்ஸெல்லில் திரும்பியவர், அன்று பகலில் புதிதாகப் போட்டிருந்த வேகத்தடையில் தூக்கி எறியப்பட்டார். தாரோடு தாராக இருந்த அந்த மேட்டுக்கு முன்னால் பலகையும் இல்லை, மேலே பெயின்ட்டும் இல்லை. வேகத்தடை என்றால் 3.7 மீட்டர் அகலத்தில், 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு மெல்ல ஏறி இறங்க வேண்டும் என்று சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைப் பேரவையின் (Indian Roads Congress) விதி சொல்கிறது. எங்கள் ஊரில் இருந்தது வரப்பு மாதிரி செங்குத்தாக நின்றது. இடுப்பெலும்பு உடைந்த அவர் இன்றும் ஊன்றுகோலோடுதான் கொல்லைக்குப் போகிறார். மறுநாள் ஊர்ப் பையன்கள் ஒரு வாளிச் சுண்ணாம்பைக் கரைத்து அதன்மேல் ஊற்றினார்கள். ஒரு நாள் முன்னால் யாராவது அதைச் செய்திருக்கக் கூடாதா?

"ஹெல்மெட் போடவில்லை, குடித்துவிட்டு ஓட்டுகிறார்கள்" என்று சிலர் எழுதுவீர்கள். ஹெல்மெட் கட்டாயம் போட வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் என் சித்தப்பா குடிக்காதவர், போன வாரம் போனவரும் குடிக்காதவர். இறந்தவர்மீதே பழியைப் போட்டுவிட்டால் வளைவை யாரும் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை என்றாகிவிடுகிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தேசிய நெடுஞ்சாலையில் இருக்கும் தொப்பூர் கணவாய்க்குப் பெரிய திட்டம் வேண்டாமா என்றும் கேட்பீர்கள். வேண்டும். 2024 ஜனவரியில் அங்கே லாரிகளும் கார்களும் மோதி எரிந்த காட்சியைப் பார்த்த யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் தேசிய நெடுஞ்சாலையில் நான்கு பேர் ஒன்றாகச் செத்தால் நாடே திரும்பிப் பார்க்கிறது. ஊராட்சி ஒன்றியச் சாலையில் ஒவ்வொருவராகச் சாகிறவர்களுக்கு உள்ளூர்ப் பக்கத்தில் நான்கு வரிதான். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் இவர்களைப் போன்றவர்களும் இருக்கிறார்கள். இவர்களும் வரி கட்டியவர்கள்தானே?

சாலையைத் தரப்படி அமைத்துப் பராமரிக்கத் தவறி அதனால் உயிர் போனால், பொறுப்பானவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் 198ஏ பிரிவைச் சேர்த்தார்கள். அபராதம் வாங்கி யாருக்கு என்ன ஆகப்போகிறது? பெயின்ட் அடித்தால் போதும்.

ஆட்சியர் தலைமையில் கூடும் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு, அகலப்படுத்தும் வேலைகளுக்கு முன்பாக இந்தச் சின்ன வேலைகளை எடுத்துக்கொள்ளக் கேட்டு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கம் உங்களுக்குத் தெரிந்த வளைவு, கிணறு, பெயின்ட் இல்லாத வேகத்தடை எதுவானாலும் ஊர்ப் பெயரோடும் இரவில் எடுத்த படத்தோடும் கீழே போடுங்கள், சேர்த்துக்கொள்கிறேன்.