ஹம்ப்ரி சார் எந்த மாடி?

(சொத்து வரி அலுவலகக் கவுன்டர். உள்ளே சதாசிவம், வெளியே வரிசையின் முன்னால் விசாலாட்சி.)

சதாசிவம்: கொள்கை அளவில் உங்கள் மனுவுக்கு ஒப்புதல் உண்டு அம்மா. ஆனால் ஒப்புதல் உண்டு என்று சொல்வதற்கான ஒப்புதல், உரிய வழியில், உரிய காலத்தில், உரிய பரிசீலனைக்குப் பிறகு...

விசாலாட்சி: தம்பி, சொத்து வரி ரசீதில் என் பெயர் 'விசலாட்சி' என்று இருக்கிறது. ஒரு துணைக்கால் விட்டுப்போயிற்று. அந்த ஒரு காலுக்காக நடந்து நடந்து என் இரண்டு காலும் தேய்ந்துவிட்டன. இன்றோடு ஐந்து தடவை.

சதாசிவம்: மந்தைவெளியிலிருந்து பஸ்தானே? சாதாரண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமே கிடையாதே.

விசாலாட்சி: அரசாங்கம் எதற்காகக் கட்டணம் வேண்டாம் என்றது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இப்போது புரிகிறது.

சதாசிவம்: அடடா! இதற்கு சர் ஹம்ப்ரி எவ்வளவு அழகாகப் பதில் சொல்லியிருப்பார்!

விசாலாட்சி: யார் அந்த சார்? புதிதாக வந்திருக்கிறாரா?

சதாசிவம்: புதிதா? 1980-இல் வந்தவர். நிரந்தரச் செயலாளர். அமைச்சர் வருவார், போவார். இவர் இருந்த இடத்தைவிட்டு அசைய மாட்டார்.

விசாலாட்சி: அப்படியானால் என் ஃபைல் அவரிடம்தான் இருக்கிறது. ஹம்ப்ரி சார் எந்த மாடி?

சதாசிவம்: மாடியா? அவர் லண்டன் அம்மா.

விசாலாட்சி: ஒரு துணைக்காலுக்கு லண்டனா! போன தடவை மண்டல அலுவலகமே போதும் என்று சொன்னீர்களே.

(வரிசையில் ஏழாவதாக நின்றவன் இதை எழுதுகிறேன். எனக்கு முன்னால் நின்றவர், லண்டனுக்கு மனு அனுப்ப ஸ்டாம்ப் எவ்வளவு ஒட்ட வேண்டும் என்று என்னைக் கேட்டார். அலுவலகத்துக்குள் நாற்பது நிமிடம் நின்றுவிட்டால் மனிதர்கள் எதையும் நம்பத் தயாராகிவிடுகிறார்கள்.)

சதாசிவம்: அம்மா, அது டிவி தொடர். பி.பி.சி.யில் 'யெஸ் மினிஸ்டர்', அதன் பிறகு 'யெஸ் பிரைம் மினிஸ்டர்'. 1988 வரை மொத்தம் 38 பகுதிகள். என் மாமா லண்டனிலிருந்து வரும்போது கேசட்டில் கொண்டுவந்தார். எனக்கு அப்போது 12 வயது. ஹம்ப்ரி பேசுவதில் ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனால் எதிரில் உட்கார்ந்திருக்கும் அமைச்சருக்கும் புரியவில்லை என்பது மட்டும் புரிந்தது. வளர்ந்தால் இப்படித்தான் வளர வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

விசாலாட்சி: வளர்ந்தீர்களா?

சதாசிவம்: ஐ.ஏ.எஸ். மூன்று தடவை எழுதினேன். குரூப் 4 கிடைத்தது. நாற்காலி சிறியதாக இருந்தால் என்ன? வாக்கியத்தை நீளமாக வைத்துக்கொள்ளலாமே.

விசாலாட்சி: வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு காலை எடுத்து என் பெயரில் போட்டுவிடுங்கள்.

சதாசிவம்: ஹம்ப்ரியாக நடித்த நைஜல் ஹாதார்னுக்கு இதற்காகவே நான்கு முறை பிரிட்டனின் 'பாஃப்டா' டிவி விருது கொடுத்தார்கள் அம்மா. மார்கரெட் தாட்சருக்கு அந்தத் தொடர் என்றால் உயிர்.

விசாலாட்சி: பிரதமருக்குப் பிடிக்காமல் என்ன? அவர் என்ன கவுன்டரிலா நின்றார்?

சதாசிவம்: ஒரு பகுதியில் ஆஸ்பத்திரி ஒன்று வரும். அலுவலர்களும் ஊழியர்களுமாக 500 பேர். நோயாளி ஒருவர்கூடக் கிடையாது. நாட்டிலேயே சிறப்பாக நடக்கும் ஆஸ்பத்திரிகளில் ஒன்று! அதை மூடக்கூடாது என்று ஹம்ப்ரி வாதாடுவார் பாருங்கள்... எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

விசாலாட்சி: இங்கே நாங்கள் வந்துகொண்டே இருக்கிறோமே, அதுதான் உங்கள் குறையா?

சதாசிவம்: குறை என்று சொல்ல மாட்டேன். பணிச்சூழலில் ஏற்படும் தவிர்க்க இயலாத இடையூறு.

விசாலாட்சி: அந்த நாடகத்தில் நடுநடுவே சிரிப்புச் சத்தம் கேட்குமா?

சதாசிவம்: கேட்கும். ஸ்டூடியோவில் ஆட்களை உட்காரவைத்து, அவர்கள் எதிரிலேயே நடித்துப் படம் பிடித்தார்கள்.

விசாலாட்சி: அதாவது, உட்காருவதற்கு இடம் கொடுத்திருந்தார்கள். அவர்களில் யாருக்கும் அந்த அலுவலகத்தில் ஆகவேண்டிய காரியம் ஒன்றும் இல்லை. அதனால்தான் சிரித்தார்கள். தம்பி, அந்த வெள்ளைக்காரர்கள் ஊரைக் கெடுப்பவனைக் கேலி செய்திருக்கிறார்கள். நீங்கள் அதைப் பயிற்சி வகுப்பு என்று நினைத்துவிட்டீர்கள்.

சதாசிவம்: (கொஞ்சம் அடிபட்டவராக) நீங்கள் சின்ன வயதில் எதையும் பார்த்ததில்லையா?

விசாலாட்சி: பார்க்காமல் என்ன? சென்னைத் தொலைக்காட்சி ஒன்றுதான் இருந்தது. அண்ணன் மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே "வந்துவிட்டதா?" என்று கத்துவான். "இப்போதுதான் வந்தது, அதற்குள் ஏன் திருப்பினாய்?" என்று நான் கீழேயிருந்து கத்துவேன். காத்தாடி ராமமூர்த்தி துப்பறியும் சாம்புவாக வருவார். தேவன் எழுதிய கதை. சாம்பு எதையோ உளறுவான், அதில் திருடன் அகப்பட்டுவிடுவான். நானும் துப்பறிய வேண்டும் என்று துடியாகத் துடித்தேன். வீட்டில் கல்யாணம் செய்துவைத்துவிட்டார்கள். இத்தனை வருடத்தில் காணாமல் போன எவர்சில்வர் கரண்டிகளைக் கண்டுபிடித்ததோடு சரி.

சதாசிவம்: பார்த்தீர்களா? என் நிலைமைதான் உங்களுக்கும்.

விசாலாட்சி: இல்லை. இன்று ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன். உங்கள் டிபன் பாக்ஸ் எதன் மேல் இருக்கிறது?

சதாசிவம்: மேஜை மேல்.

விசாலாட்சி: மேஜைக்குப் பச்சை ரிப்பன் கட்டியிருக்கிறதா? அது என் பேத்தியின் பள்ளிக்கூட ரிப்பன். இரண்டாவது தடவை வந்தபோது, நாடா இல்லை என்று நீங்கள் திருப்பி அனுப்பியதால் நானே கட்டிக்கொண்டுவந்த ஃபைல் அது.

சதாசிவம்: அது அங்கே கிடக்கவில்லை அம்மா. பாதுகாப்பில் இருக்கிறது.

விசாலாட்சி: எலுமிச்சம்பழ சாதத்தின் பாதுகாப்பிலா? மஞ்சள் கறை தெரிகிறது. கடுகுகூட ஒட்டியிருக்கிறது.

சதாசிவம்: நடவடிக்கை எடுப்பதற்கு முன் மேலதிகாரியின் கருத்தை...

விசாலாட்சி: ஹம்ப்ரி சாரின் கருத்தையா? இப்போது அவர் எங்கே?

சதாசிவம்: நடித்தவர் 2001-இல் காலமாகிவிட்டார்.

விசாலாட்சி: (பின்னால் திரும்பி, உரக்க) ஹம்ப்ரி சார் காலமாகிவிட்டாராம்!

(வரிசை ஒரு கணம் மௌனமானது. ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றினார். "அப்போது இன்றைக்குக் கவுன்டர் கிடையாதா?" என்றார் ஒருவர். "நேற்றுகூடப் பார்த்தேனே, நல்ல மனிதர்" என்றார் இன்னொருவர். இரண்டு பேர் வீட்டுக்கே கிளம்பிவிட்டார்கள். நான் ஐந்தாவது ஆனேன்.)

சதாசிவம்: அம்மா, அம்மா, சத்தம் போடாதீர்கள்! உள்ளே அதிகாரி இருக்கிறார். இப்போதே திருத்தித் தருகிறேன்.

(டிபன் பாக்ஸ் நகர்ந்தது. ரிப்பன் அவிழ்ந்தது. ஒற்றை விரலால் நான்கு தட்டு. ரப்பர் ஸ்டாம்ப். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம் ஆகியிருக்காது.)

விசாலாட்சி: (மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்கிறார்) வி... சா... ல... தம்பி, 'விசாலட்சி' என்று இருக்கிறதே!

சதாசிவம்: நீங்கள் கேட்ட இடத்தில் கால் வந்துவிட்டது அல்லவா?

விசாலாட்சி: பக்கத்து எழுத்திலிருந்து பிடுங்கி வைத்திருக்கிறீர்களே!

சதாசிவம்: புதிய கால் வேண்டுமென்றால் அது வேறு மனு அம்மா. இதே கவுன்டர்தான். மனுவோடு நாடாவும் வேண்டும்.

விசாலாட்சி: அந்த ரிப்பனைக் கொடுங்கள்.

சதாசிவம்: அது அலுவலகச் சொத்தாகிவிட்டது.