டாமி ஜான்னா வெறும் ஆபரேஷன் பேரு இல்லைங்க

உங்க கட்டுரைல அமெரிக்க பேஸ்பால் பிட்சர் (பந்து வீசுறவர்) டாமி ஜானை ஒரே வரில ‘முழங்கை ஆபரேஷனுக்கு பேர் குடுத்தவர்’னு முடிச்சிட்டீங்களே, மனுஷனோட கதையே அதுக்கப்புறம்தாங்க ஆரம்பிக்குது. 1974ல டாட்ஜர்ஸ் டீம்ல பிட்சரா அவர் கணக்குல 13 வெற்றி 3 தோல்வினு சூப்பரா போயிட்டிருந்தப்ப ஜூலைல இடது முழங்கை லிகமென்ட் (எலும்புகளை இணைக்கிற நார்) போச்சு, அந்த காலத்துல ஒரு பிட்சருக்கு அது போச்சுன்னா வேற வேலை தேட வேண்டியதுதான். டாக்டர் ஃப்ராங்க் ஜோப் வலது கைலேர்ந்து ஒரு தசைநாண் எடுத்து, முழங்கை எலும்புல ஓட்டை போட்டு கோத்து கட்டினாரு, நூத்துல ஒரு சான்ஸ்தான்னு சொல்லிட்டுதான் கத்தியையே எடுத்தாரு. 1975 முழுக்க ஆடல. 76ல திரும்பி வந்தவர் 1989 வரைக்கும், அதாவது 46 வயசு வரைக்கும் பந்து போட்டார்!! மொத்தம் 288 வெற்றி, அதுல 164 ஆபரேஷனுக்கு அப்புறம். வேகத்த நம்புற ஆளும் இல்ல, கடைசி நேரத்துல கீழ இறங்குற பந்த போட்டு பேட்டரை தரையோட அடிக்க வைக்கிறவர் (கிட்டத்தட்ட நம்ம ஸ்பின்னர் மூளைனு வெச்சுக்கோங்க). 300 வெற்றிங்கிற பெரிய மைல்கல்லுக்கு 12தான் குறைச்சல், ஆனா இன்னும் ஹால் ஆஃப் ஃபேம்ல (பேஸ்பால் ஜாம்பவான்களோட கௌரவப் பட்டியல்) சேர்க்கல. அதே ஆபரேஷன் பண்ணிக்கிட்ட பசங்க எத்தனை பேர் கோடி கோடியா சம்பளம் வாங்கறாங்க, இவரை மட்டும் வெளில நிக்க வெச்சிருக்காங்க, எனக்கு இது சுத்தமா புடிக்கல.